நாயின் கழுத்தில் கட்டி யாரைக் கண்காணிக்கிறோம்?

தீபாவளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் புணேயிலுள்ள ஆய்வு மாணவர்களிடையே ஒரு கேள்வி எழும். ஊருக்கோ களப்பணிக்கோ போகிறோம்; நாயைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் விட்டுச் செல்கிறோம்; அதன் கழுத்தில் எந்தக் கருவியைக் கட்டுவது? நான் குடியிருக்கும் தாபோடியில் இதற்கு ஆயத்த விடை ஒன்று உண்டு: "ஒரு ஏர்டேக் வாங்கிப் பட்டைக்குள் மறைத்துவிடு, பார்த்துக்கொள்ளும் பெண்மணியிடம் சொல்லத் தேவையில்லை." இந்த விடை தொழில்நுட்ப அளவிலும் தவறு, அறத்தின் அளவிலும் தவறு. முதல் தவற்றை ஒப்புக்கொள்பவர்கள்கூட இரண்டாவதைக் கேட்டதும் நழுவிவிடுவதால், இரண்டையும் தனித்தனியே எழுதுகிறேன்.

முதலில் கருவி. 2021இல் வெளிவந்த ஏர்டேக்குக்கும் செயற்கைக்கோளுக்கும் தொடர்பே இல்லை. அது ப்ளூடூத் அலையைப் பரப்புகிறது. அருகில் செல்லும் ஓர் ஐபோன் அதை உணர்ந்து, தான் நிற்கும் இடத்தை ஆப்பிளின் வலையமைப்புக்கு அனுப்புகிறது. ஆக, திரையில் நாம் காண்பது யாரோ ஒருவரின் ஐபோன் கடைசியாக நாயைக் கடந்துசென்ற இடம். நாய் இப்போது அங்கே இருக்க வேண்டியதில்லை. இது பொருள்களுக்கானது, செல்லப்பிராணிகளுக்கானதன்று என்று ஆப்பிள் நிறுவனமே கூறியிருக்கிறது.

இதைத் தாபோடியின் நிலப்பரப்பில் வைத்துப் பாருங்கள். ஒருபுறம் ராணுவப் பொறியியல் கல்லூரியின் விரிந்த, அடைக்கப்பட்ட வளாகம்; மறுபுறம் முளா ஆறும் அதனோடு பவனா கலக்கும் கரைகளும்; நடுவே ரயில்பாதையும் பழைய மும்பை நெடுஞ்சாலையும். வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடும் நாய் ஆளரவமற்ற இடத்தையே தேடும். நள்ளிரவில் ஆற்றங்கரைப் புதரை ஐபோனோடு கடப்பவர் யார்? இந்தியாவில் பெரும்பாலோர் கையிலிருப்பது ஆண்ட்ராய்டு கைபேசி என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். கூகுளும் 2024இல் இத்தகைய வலையமைப்பைத் தொடங்கியது; அதற்கேற்ற மலிவான வில்லைகள் இங்கும் கிடைக்கின்றன. ஆனால் பல கைபேசிகள் ஒருசேர உணர்ந்தால்தான் இடத்தைக் காட்டுவது என்பதே அதன் இயல்பமைப்பு. சந்தைத் தெருவில் அது உதவும். வெற்றுக் கரையில் உதவாது.

மறைத்துவைப்பது பற்றி இன்னொன்று. உரிமையாளரைவிட்டு நெடுநேரம் பிரிந்திருக்கும் ஏர்டேக் தானே ஒலியெழுப்பும். அதனோடு நடமாடுபவரின் ஐபோனில் எச்சரிக்கையும் வரும். 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் பொதுவரையறை ஒன்றைக் கொண்டுவந்தபின் ஆண்ட்ராய்டிலும் அதே எச்சரிக்கை வருகிறது. நீங்கள் ஒளித்துவைத்ததை இரண்டொரு நாளில் அந்தப் பெண்மணியின் கைபேசியே அவரிடம் சொல்லிவிடும். பிறரைப் பின்தொடரும் செயலாக அதை அக்கருவி வகைப்படுத்துகிறது. அந்த வகைப்பாடு சரியானது.

சிம் அட்டையோடு இயங்கும் ஜி.பி.எஸ். பட்டையே இந்தத் தேவைக்குப் பொருந்துவது. அது செயற்கைக்கோள் அலைகளைப் பெற்று இடத்தைக் கணித்து, கைபேசி வலையமைப்பின் வழியே அனுப்புகிறது; பிறர் கைபேசியை நம்பியிராது. குறைகளும் உண்டு. மின்கலம் சில நாள்களே தாங்கும். மாதக் கட்டணம் உண்டு. நெருக்கமான சந்துகளில் புள்ளி பல மீட்டர் தள்ளிக் காட்டும். மலிவான சில பட்டைகள் 2ஜி அலையில் மட்டும் இயங்குபவை. ஜியோ சிம் அவற்றில் வேலை செய்யாது. வாங்குமுன் இதைக் கேட்டறிய வேண்டும்.

பட்டையின் எடையும் ஈரமும் அற்பச் செய்திகளல்ல. 2023 மழைக்காலத்தில் குனோவின் சிவிங்கிப்புலிகளுடைய ரேடியோ பட்டைகளின் அடியில் புண்ணும் புழுவும் கண்டபோது நாடே அதை விவாதித்தது. புணேயின் ஜூலை மழையில் நனைந்த கனத்த பட்டையை நாள் முழுதும் சுமக்கும் நாய்க்கும் தோல் அழுகக்கூடும். தினமும் அதைக் கழற்றித் துடைக்கும் கை வேண்டும். அந்தக் கை, நாம் சொல்லாமல் மறைக்க நினைக்கும் அதே பெண்மணியின் கைதான்.

தோலடியில் செலுத்தும் மைக்ரோசிப்பை இருப்பிடங்காட்டி என்று நம்புவோரும் இருக்கிறார்கள். அதில் மின்கலமே இல்லை. படிப்பானை அருகில் கொண்டுசென்றால் 15 இலக்க எண்ணைச் சொல்லும், அவ்வளவே. ஆயினும் அது வேண்டும். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்கவும், பிடித்த இடத்திலேயே மீண்டும் விடாதிருக்கவும் ஆணையிட்டது. நம்மில் பலர் வளர்ப்பது நாட்டு நாய். தாபோடி ரயில் நிலையத்தில் ஒதுங்கும் அடையாளமற்ற நாட்டு நாயை வீட்டு நாயென்று எவரும் அறியார். இரண்டு தொலைபேசி எண்களை மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பொறித்த பித்தளை வில்லை ஒன்று எல்லாக் கருவிகளுக்கும் முந்தியது. அதைப் படிக்க எந்தச் செயலியும் வேண்டியதில்லை.

இனி இரண்டாவது தவறு. நாய் ஒருவரது வீட்டில் தங்கி, அவரோடு கடைக்கும் மருந்தகத்துக்கும் உறவினர் வீட்டுக்கும் போகிறது. அப்போது பட்டையிலிருந்து வரும் புள்ளி யாருடைய இருப்பிடம்? நாயின் தடம் என்ற பெயரில் நாம் சேகரிப்பது ஓர் உழைக்கும் பெண்ணின் அன்றாட வரைபடத்தை. தொலைவிலிருந்தே சுற்றுப்புற ஒலியைக் கேட்க வழிசெய்யும் பட்டைகளும் சந்தையில் உண்டு. அவற்றை என்ன பெயரிட்டு அழைப்பது?

தமிழில் இதற்கான சொற்கள் தெளிவானவை. 'பார்' என்னும் வினை 'கொள்' என்னும் துணைவினையோடு சேர்ந்து 'பார்த்துக்கொள்' ஆகும்போது, பார்வை பொறுப்பாகிறது. 'கண்காணி' வேறு திசையில் சென்றது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மேற்பார்வைப் பொறுப்பாளரைக் குறித்த அச்சொல், இலங்கை, மலாயாத் தோட்டங்களில் 'கங்காணி'யாகி, கடனால் கட்டுண்ட கூலியாட்களின் தலைமேல் நின்றது. நாயைப் பார்த்துக்கொள்ளும்படி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவருக்குத் தெரியாமல் ஒரு கங்காணியையும் உடன் அனுப்புகிறோம்.

"ஒளிக்க ஒன்றுமில்லையென்றால் அவருக்கென்ன அச்சம்?" என்று கேட்கிறார்கள். ஒளிப்பவர் நாம், கேள்வி நம்மை நோக்கி எழ வேண்டியது. "சட்டம் தடுக்கவில்லையே" என்கிறார்கள். உண்மைதான், தனிநபர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவுகளுக்கு 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. சட்டம் விட்டுவைத்த அந்த இடத்தில்தான் நம் பயிற்சி துணைவர வேண்டும். களத்தில் தகவலாளியின் ஒரு வாக்கியத்தைப் பதிவுசெய்யக்கூட நோக்கத்தை விளக்கி ஒப்புதல் பெறுகிறோம், வேண்டாமென்றால் நிறுத்துகிறோம். ஆய்வேட்டில் ஒப்புதலைப் பற்றி ஓர் இயல் எழுதுபவர், வீட்டு வாசலில் அதை மறப்பது எப்படி? "பணம் கொடுக்கிறோமே" என்பது மிகப் பலவீனமான வாதம். கூலி கொடுத்தது உழைப்புக்கு, இருப்பிடத்துக்கு அன்று.

கருவியே வேண்டாம் என்பது என் வாதமன்று. தொலைந்த நாயைத் தேடுவதில் முதல் சில மணி நேரமே தீர்மானிப்பது. அந்நேரத்தில் நாம் மதுரையிலோ ரயிலிலோ இருப்போம். தெருவில் இறங்கித் தேடப்போகிறவர் அவரே. புள்ளி அவருடைய திரையில் தெரியாவிட்டால் அக்கருவியால் நாய்க்கு என்ன பயன்? செயலியின் அணுகலை அவருக்கும் கொடுங்கள். ஒலிகேட்கும் வசதி இருந்தால் அவர் முன்னிலையிலேயே முடக்குங்கள். மின்கலம் ஏற்றவும் பட்டையைத் துடைக்கவும் செலவிடும் நேரத்துக்குச் சேர்த்துக் கூலி பேசுங்கள். அவர் மறுத்தால் பித்தளை வில்லையோடு விடுங்கள். அல்லது வேறொருவரைத் தேடுங்கள்.

சொல்லிக் கட்ட முடியாத கருவியைக் கட்டாதீர்கள். சொல்லத் தயங்கும் அளவுக்கு ஒருவரை நம்பவில்லையென்றால், நாயை அவரிடம் விடவே கூடாது. அந்தக் குறையை எந்தக் கருவியும் ஈடுசெய்யாது. மாற்றுக் கருத்துடையோர் வாதத்தோடு வருக.