சாராயத்தைத் தேடிச் சோதனைக்குழாயை உடைத்தவர்கள்

2024 ஜூலை 23ஆம் தேதி பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்கள் மீதான சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதத்துக்குத் தாவியது. பத்து நாள் முடிவதற்குள், நிபந்தனைகளோடு, பழையபடி 10 சதவீதத்துக்கு இறங்கியது. அதுதான் திருத்திவிட்டார்களே, இன்னும் என்ன புலம்பல் என்று சிலர் கேட்கக்கூடும். காலில் வண்டியை ஏற்றியவன் பின்னால் எடுத்துவிட்டான் என்பதற்காக யாரும் அவனுக்கு நன்றி சொல்வதில்லை.

வரியை ஏன் ஏற்றினார்கள் என்று பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடுகிறது. எத்தில் ஆல்கஹாலுக்கு அப்போது சுங்க வரி 150 சதவீதம். அதுவே ஆய்வக ரசாயனம் என்ற பெயரில் வந்தால் 10 சதவீதம்தான். 500 கிராமுக்கோ 500 மில்லிலிட்டருக்கோ மிகாத சிப்பத்தில், ஆய்வகத்துக்கானது என்று அடையாளம் தெரியும்படி வரும் எந்த ரசாயனமும் சுங்க அட்டவணையில் 9802 என்ற ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடும். அந்தச் சந்து வழியாக ஆல்கஹாலைக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இருக்கட்டும். சந்தில் திருடன் புகுந்தால் திருடனைப் பிடிப்பார்கள். இங்கே தெருவில் இருந்த எல்லா வீட்டுக் கதவுக்கும் வெளியிலிருந்து ஆணி அடித்தார்கள். வரியை இறக்கிய அறிவிப்பு ஆல்கஹாலை மட்டும் சலுகையிலிருந்து நீக்கிவைத்தது. ஒரே ஒரு சொற்றொடர். அது ஜூலையில் ஏன் ஒருவர் பேனாவிலும் வரவில்லை?

வரி உயர்ந்திருந்த அந்த வாரம் தமிழகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வகத்துக்குப் போயிருந்தோம். முனைவர் பட்ட மாணவி ஒருவர் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நுனி அளவு. உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்றே நம் கண்ணுக்குத் தெரியவில்லை. ராப்பமைசின் என்ற மருந்துப்பொருள், ஒரு மில்லிகிராம். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தத் தேதியில் யார் எத்தனை மைக்ரோலிட்டர் எடுத்தார்கள் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது, மளிகைக்கடைக் கடன் கணக்கைப் போல. பிறகு நுண்ணோக்கியில் ஒரு தட்டை வைத்தார். இளஞ்சிவப்புத் திரவத்தில் எலியின் தசைச் செல்கள். சத்துள்ள சீரத்தைக் குறைத்ததும் அவை பெருகுவதை நிறுத்தி, ஒன்றோடொன்று இணைந்து, நாலைந்து நாளில் நீண்ட நார்களாகின்றன. “சார், அந்த ஓரத்துல பாருங்க, துடிக்குது” என்றார். உண்மைதான், துடித்தது. அடுத்த குப்பிக்கு டீலர் அனுப்பியிருந்த விலைப்பட்டியலின் அடியில், வரியைப் பொறுத்து விலை மாறும் என்று பேனாவால் எழுதிக் கோடிட்டிருந்தது.

அந்த ஒரு மில்லிகிராமில் அப்படி என்ன இருக்கிறது என்று தில்லியில் யாராவது கேட்டிருந்தால் இந்தத் தலையங்கத்துக்கே வேலை இருந்திருக்காது. கேட்காததால் சொல்கிறோம். நம் செல்கள் ஒவ்வொன்றிலும் எம்டார் என்ற புரதம் உண்டு. சாப்பாடு கிடைத்திருக்கிறது, உழைப்பு நடந்திருக்கிறது, இனி வளரலாம் என்று செல்லுக்கு உத்தரவு கொடுப்பது அதுதான். பளு தூக்குபவரின் புஜம் திரள்வதற்கு அதன் தயவு வேண்டும். எலிகளுக்கு ராப்பமைசின் கொடுத்து எம்டாரை அடக்கினால், எவ்வளவு பளு ஏற்றினாலும் தசை பருப்பதில்லை என்று 2001இல் காட்டினார்கள். அதே எம்டார்தான் பல புற்றுகளில் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. பிடென் என்ற மரபணு அதற்கு ஒரு கடிவாளம். 1997இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த மரபணு அறுந்துபோன கட்டிகளில் வளர்ச்சிக்கான உத்தரவு நிற்பதே இல்லை. ராப்பமைசினின் வழியில் பிறந்த டெம்சிரோலிமஸ் 2007இலும், எவரோலிமஸ் 2009இலும் சிறுநீரகப் புற்றுக்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றன. தசை வளர்ச்சியையும் புற்று வளர்ச்சியையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பது ஏன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை ஆய்வகத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை, புற்றுநோய் வார்டில் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். நோய் வயிற்றிலோ நுரையீரலிலோ இருக்கும். தேய்வது தோளும் தொடையுமாக இருக்கும். போன பொங்கலுக்கு எடுத்த சட்டை ஆணியில் மாட்டியது போல் தொங்கும். எவ்வளவு ஊட்டினாலும் சதை பிடிக்காது. கட்டியும் உடலும் அனுப்பும் சமிக்ஞைகள் தசையைக் கரைக்கின்றன. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், தசை வளர்ச்சியை அடக்கும் மையோஸ்டாட்டினும் அதன் உறவுக்காரப் புரதங்களும் தசையைத் தொடாதபடி தடுத்தபோது புற்றுள்ள எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. கட்டி சிறுத்ததாலா? இல்லை, தசை காப்பாற்றப்பட்டதால். மனிதருக்கு இது எப்போது கைகூடும் என்று எந்த நேர்மையான விஞ்ஞானியும் தேதி சொல்ல மாட்டார். ஆனால் அந்தத் தேதியைத் தள்ளிப்போட ஒரு பட்ஜெட் வரி போதும் என்பதை ஜூலையில் பார்த்தோம்.

ராப்பமைசினுக்கே ஒரு கதை உண்டு. 1964இல் பசிபிக் கடலின் ராபா நூய் தீவிலிருந்து கனடியக் குழு எடுத்துவந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா அதைச் சுரந்தது. மான்ட்ரியலில் இருந்த ஆயர்ஸ்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுத்தவர் சுரேன் சேகல், பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்து பனாரஸில் படித்தவர். 1980களின் தொடக்கத்தில் நிர்வாகம் அந்த ஆய்வகத்தை மூடியது. இலாபம் தராத சரக்கு என்று கைவிடப்பட்டதை அவர் குப்பிகளில் அடைத்துத் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் சில ஆண்டுகள் பாதுகாத்தார். நிர்வாகம் மாறியதும் மறுபடி வாதாடி ஆராய்ச்சியை உயிர்ப்பித்தார். 1991இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஈஸ்ட்டை வைத்து ஆராய்ந்தவர்கள் அது எதைத் தாக்குகிறது என்று கண்டபோது, அந்த இலக்குக்கு மருந்தின் பெயரையே வைத்தார்கள். 1999இல் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு மருந்தானது. கணக்குப் பார்ப்பவர்கள் குப்பையில் போடச் சொன்னதை ஒரு மனிதரின் பிடிவாதம் காப்பாற்றியது. நம் கணக்குப் பார்ப்பவர்களோ குப்பியைப் பார்த்ததும் உள்ளே சாராயம் இருக்குமோ என்று முகர்ந்து பார்க்கிறார்கள்.

எளிய கணக்கு ஒன்று. 10,000 ரூபாய் மதிப்புள்ள குப்பிக்குச் சுங்கம் 1,000 ரூபாயாக இருந்தது. ஜூலை கணக்கில் 15,000 ரூபாய். பொருளை விட வரி பெரிது. இதற்கு மேல் ஜிஎஸ்டி தனி. மூன்றாண்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்து, காத்திருந்து, வெட்டிக் குறைத்த தொகையைக் கையில் வாங்கியவர் இந்த வித்தியாசத்தை எங்கிருந்து கொண்டுவருவார்? எந்தச் சோதனையை மூன்று முறை செய்ய வேண்டுமோ அதை ஒரு முறை செய்வார். பிறகு, இந்திய ஆய்வுகள் உலகத் தரத்தில் இல்லையே என்று அதே ஆட்கள் மேடையில் வருத்தப்படுவார்கள்.

வரி இறங்கிய பிறகும் முள் வெளியே வந்தபாடில்லை. ஆய்வுக்கே பயன்படுத்துவோம் என்று உறுதிமொழி தந்து, சலுகைக்கான சுங்க விதிகளைப் பின்பற்றினால்தான் 10 சதவீதம் என்றார்கள். நம் கல்லூரிகளில் எத்தனை துறைகள் நேரடியாக இறக்குமதி செய்கின்றன? சென்னை டீலரிடம் போன் போட்டுச் சொல்லி, பில்லைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பி, காசோலைக்கு மாதக்கணக்கில் அலைவதுதான் நடைமுறை. உறுதிமொழியை யார் தருவது, டீலரா, பேராசிரியரா, பதிவாளரா? குப்பி குளிர்ந்திருக்கப் பெட்டியில் வைத்த உலர்பனி இந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருக்காது. அது இரண்டு மூன்று நாளில் ஆவியாகிவிடும்.

இது ஒரு நாள் சறுக்கல் என்றால் மன்னிக்கலாம். இவர்களுக்கு இது பழக்கம். 2022 ஜூலை 18 முதல், அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 18 சதவீதமானது. அரசு ஒரு கையால் கொடுத்த நிதியை மறு கையால் வரியாகப் பிடுங்கிக்கொண்டது. அதற்கு முன் 2020 மே மாதம், 200 கோடி ரூபாய்க்கு உட்பட்ட கொள்முதலுக்கு உலக அளவில் டெண்டர் கூடாது என்றார்கள். உள்நாட்டில் செய்யப்படாத நுண்ணோக்கிக்கும் செல் பிரிப்பானுக்கும் உள்நாட்டு விற்பனையாளரைத் தேடச் சொன்ன விதி அது. விலக்கு வேண்டுமென்றால் மேலிடத்துக்குக் கோப்பு போக வேண்டியிருந்தது. கோப்பு போன வேகத்தைப் பற்றி ஆய்வாளர்களைக் கேட்டால் சிரிப்பார்கள், மகிழ்ச்சியில் அல்ல.

உதவித்தொகைக் கதை இன்னும் கேவலம். இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகையை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்த 2023 வரை தெருவில் நின்று கேட்க வேண்டியிருந்தது. உயர்த்திய தொகையாவது மாதாமாதம் வருகிறதா? கணக்கு முறை மாறியது, தளம் மாறியது, வங்கி மாறியது என்று மாதக்கணக்கில் நின்றுபோகிறது. விடுதி மெஸ் பாக்கிக்கு வீட்டில் நகையை வைத்துப் பணம் அனுப்பும் அப்பாக்களிடம், உங்கள் மகள் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறாள் என்று பெருமையாகச் சொல்லிப் பாருங்கள்.

ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், 2020-21 கணக்குப்படி. 2023இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் வந்தது, ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள், அதில் 36,000 கோடி தனியாரிடமிருந்து வருமாம். வரட்டும். ஆனால் ஒரு மில்லிகிராம் பொடிக்கும் ஒரு பாட்டில் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியாத கையில் எத்தனை ஆயிரம் கோடி கொடுத்தாலும் ஆய்வகத்தின் குளிர்பெட்டி வரை எவ்வளவு வந்து சேரும்?

வரி போடுவதற்கு முன் அந்த வரியைக் கட்டப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் ஏற்பாடு வேண்டும். அது குழுவா, கலந்தாய்வா, வேறு எதுவா என்று பெயர் வைப்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறோம். பெயர் வைப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அடுத்த பட்ஜெட்டுக்கு முன் ஒருவராவது வந்து அந்த நாற்பது பக்க நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். ஒரு மைக்ரோலிட்டரைக்கூட வீணாக்காமல் அந்த மாணவி கணக்கு வைத்திருக்கிறார். நாட்டின் கணக்கை எழுதுகிறவர்களுக்கு அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.