மணல் நிலமும் மறந்த எருவும்

இலக்கணம் பயில்வார் யாவரும் இடக்கரடக்கல் என்பதனை அறிவர். அவையிற் சொல்லத்தகாததை மறைத்துப் பிறிதொரு வாய்பாட்டாற் கூறுதலே அது. நன்னூலார் அதனைத் தகுதி வழக்கினுள் வைத்தார். சொல்லளவில் அது நாகரிகமே. ஆயின் சொல்லை மறைத்த நாம் பொருளையும் மறந்துவிட்டோம். நம் இல்லத்து மலத்தொட்டியை ஊர்தி வந்து உறிஞ்சிச் சென்றபின், அக்கசடு எங்கே கொட்டப்படுகின்றது என்று வினவுவார் நம்முள் எத்துணையர்? ஏரிக்கும் ஓடைக்கும் நஞ்சாகும் அப்பொருளை முறைப்படி தூய்மை செய்து மணல் நிலத்திற்கு எருவாக்கல் வேண்டும் என்பதே என் கருத்து.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் மணற்பாங்கான செந்நிலம் மிகுதி. கிழக்கே மரக்காணத்தை அணுகினால் கடற்கரை மணலே காணப்படும். மல்லாட்டை என்றும் மணிலா என்றும் நம் உழவர் வழங்கும் நிலக்கடலைக்கு இளகிய மண் ஏற்றது. பூவினின்று இறங்கும் விழுது மண்ணுட் புகுந்தே காயாகும். திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றிய டி.எம்.வி. வகைகள் இந்நிலத்தின் புகழைப் பிற மாநிலங்களுக்கும் கொண்டு சென்றன. ஆயினும் மணலுக்கு ஒரு குறை உண்டு. களிமண்ணின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியது. மணற்றுகளோ அதனினும் பன்மடங்கு பெரியது. ஆதலின் மணலின் இடைவெளி வழியே மழைநீர் விரைந்திறங்கும். இட்ட யூரியாவும் அந்நீரோடு கரைந்து வேரைக் கடந்து போகும். நீரையும் சத்தையும் பிடித்து நிறுத்த வல்லது மட்கு ஒன்றே. வெப்பம் மிக்க நம் நாட்டில் அம்மட்கும் விரைவில் அழிதலின், அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும்.

நம் முன்னோர் ஏரிவண்டலை வண்டியில் ஏற்றிக் கொல்லையிற் கொட்டினர், ஆட்டுக்கிடை போட்டனர், கொளிஞ்சியும் வேப்பந்தழையும் மிதித்தனர். உழுதலினும் எருவிடுதலை மேலாக வைத்தார் வள்ளுவர். இன்று டிராக்டர் வந்தது, உழவுமாடு குறைந்தது, எருக்குழியும் தூர்ந்தது. வயலில் விளைந்தது நாள்தோறும் நகரத்திற்குச் செல்கின்றது. நகரத்தினின்று வயலுக்குத் திரும்புவது யாதுமில்லை. பாஸ்பேட்டுப் பாறையிற் பெரும்பகுதியை வெளிநாட்டினின்று வாங்கும் நம் நாடு, அச்சத்தையே ஓடையிற் கொட்டுதல் அறிவுடைமையாகுமா?

இது புதுக்கருத்தன்று. சீனர் நாற்பது நூற்றாண்டுகளாகத் தம் நிலத்தைக் காத்த வகையைக் கிங் என்னும் அமெரிக்கர் 1911-இல் நூலாக வெளியிட்டார். நகரக் குப்பையையும் மலத்தையும் குழிகளில் அடுக்கி மட்கச் செய்யும் பெங்களூர் முறையை 1939-இல் ஆசாரியா வகுத்தார். அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் தன் கசட்டை உலர்த்தி உரமாக விற்கின்றது. பெங்களூரை அடுத்த தேவனஹள்ளியில் 2015-இலும், திண்டிவனத்தினின்று சென்னை செல்லும் வழியிலுள்ள கருங்குழியில் 2017-இலும் கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அண்டை ஊர் செய்தது நமக்கு அரிதாகாது.

எதிர்ப்பாரின் அச்சங்களை எளிதில் தள்ளுதல் தகாது. முதலாவது நோய். குடற்புழுவின் முட்டை மண்ணில் நெடுநாள் உயிரோடிருக்கும். குவியலாக இட்ட கசடு பதினைந்து நாட்களேனும் 55 பாகை செண்டிகிரேடு வெப்பத்திற் குறையாதிருக்க, ஐந்து முறை புரட்டப்படுதல் வேண்டும் என்பது 1993-இல் அமெரிக்கா வகுத்த விதிகளுள் ஒன்று. அவ்வாறு முற்றத் தூய்மை பெறாத கசட்டை மண்ணிற் கலந்தால், மண்ணுள் விளையும் உணவுப்பயிரை முப்பத்தெட்டு மாதம் வரை அறுவடை செய்யலாகாது எனவும் அவ்விதி தடுக்கும். மல்லாட்டை நாட்டினராகிய நாம் இதனை மறத்தலாகாது. ஆதலின் முதலிற் கரையோரச் சவுக்குத் தோப்புகளுக்கு இடுக. குறையறத் தூய்மையுற்றது என ஆய்விற் கண்டபின்னரே கடலைக் கொல்லைக்குக் கொண்டு செல்க. கழுவெளி ஏரிக்குள் வழிந்தோடாத இடமும் தேர்ந்து கொள்க.

இரண்டாவது உலோக நஞ்சு. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டாணை, நகரக் குப்பை எருவின் கிலோ ஒன்றிற் காட்மியம் 5 மில்லிகிராமும் ஈயம் 100 மில்லிகிராமும் கடவாதிருக்க வரையறுக்கின்றது. அவ்வரம்பு கசட்டெருவிற்கும் குறையாது காக்கப்படல் வேண்டும். தொழிற்சாலைக் கழிவும் பட்டறைக் கழிவும் இதனோடு கலத்தலாகாது. அழியாத இரசாயனங்கள் வயல்களிற் கண்டமையால் அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2022-இல் கசட்டை நிலத்திலிடுதலையே விலக்கியது. இட்டபின் வருந்துவதினும் இடுமுன் ஆராய்தல் நன்று.

மூன்றாவது அருவருப்பு. இதுவே மூன்றனுள் ஆழமானது. பொருள்மேல் எழுந்த அருவருப்பை அதனைச் சுமந்த மனிதர்மேல் ஏற்றி, தலைமுறை தலைமுறையாக ஒரு சாராரை ஊருக்குப் புறத்தே நிறுத்தியது நம் சமூகம். மனிதக் கையால் மலம் அள்ளுவித்தலை 2013-ஆம் ஆண்டின் சட்டம் விலக்கியும், தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்து மாண்டார் செய்தி இன்றும் வருகின்றது. நிலம் செழிக்க ஒரு மனிதன் குழியில் இறங்கவேண்டுமாயின், அந்நிலம் தரிசாகவே கிடக்கட்டும். பொறி உறிஞ்சுக, பொறி புரட்டுக, அங்கே பணி செய்வார்க்குக் கையுறையும் முகமூடியும் நல்லூதியமும் உண்டாகுக, அப்பணி எக்குலத்தார்க்கும் உரியதாகுக. இவ்வுறுதி இல்லாத திட்டம் எத்துணை விளைவு தரினும் வேண்டத்தக்கதன்று.

செய்யவேண்டியது பெரிதன்று. இரு நகராட்சிகளும் தத்தம் ஊரிற் சேரும் கசட்டின் அளவைக் கணக்கிடுக. திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்தார் எருவிட்டதும் இடாததுமாகிய பாத்திகளை மூன்று பருவம் ஒப்பிட்டு, விளைவையும் மண்ணின் நிலையையும் உழவர் அறியத் தமிழில் வெளியிடுக. சோதனைச் சான்று இல்லாத மூட்டை ஒன்றும் உழவர் கையிற் சேராதிருக்க. கற்றோராகிய நாம் முகஞ்சுளித்து அப்பாற் செல்லாது, நம் தெருவில் வந்து நிற்கும் ஊர்தி எங்கே செல்கின்றது என்று கேட்போமாக. கேட்பார் பலராயின், இரவிற் கொட்டுவார் சிலராவர்.