மண்டையில் ஏறாதது பையன் குற்றமா?
கடைசி வரிசைப் பிள்ளைக்கும் கைகொடுக்கும் வகுப்பறை!

ராமேசுவரம்,

"அவனுக்கு மண்டையில ஏறாதுங்க. பேசாம போட்ல ஏத்தி விட்டுடலாம்!"

பாம்பன், தங்கச்சிமடம் கடலோரத்தில் இப்படிச் சொல்லும் பெற்றோர் இன்றும் உண்டு.

ஏறாதது பையன் குற்றமா? பாடம் நடத்தும் முறையில் கோளாறா?

கடற்கரையில் நடந்த பாடம்

இந்தக் கேள்விக்கு ராமேசுவரத்திலேயே ஒரு பதில் உண்டு.

மறைந்த ஜனாதிபதி அப்துல் கலாம் இங்கே ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஆசிரியர் சிவசுப்பிரமணிய அய்யர் பறவை எப்படிப் பறக்கிறது என்று போர்டில் படம் போட்டு விளக்கினார்.

"புரிந்ததா?" என்றார். கலாம் உள்பட பலர் "புரியலை" என்றனர்.

அய்யர் பிரம்பை எடுக்கவில்லை. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், பறக்கும் பறவைகளையே காட்டிப் பாடம் நடத்தினார். அன்றுதான் பறக்கும் ஆசை பிறந்தது என்று கலாம் பின்னாளில் பலமுறை சொன்னார்.

பிள்ளைக்குப் புரியும் வழியை வாத்தியார் தேடிப் போவது. விஷயம் இவ்வளவுதான்.

ஆளுக்கொரு படி

இதை ஊர் முழுக்கச் செய்ய முடியுமா? தமிழ்நாட்டில் முயன்று பார்த்தார்கள்.

வேலூர் கலெக்டராக இருந்த எம்.பி.விஜயகுமார், வேலையிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர்களின் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 2007-08-ல் மாநிலம் முழுவதும் 37 ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியது. பெயர்: செயல்வழிக் கற்றல்.

பெஞ்சு கிடையாது, பாய்தான். டீச்சரும் தரையில்தான் உட்காருவார். பாடம் சின்னச் சின்ன அட்டைகளாக இருக்கும். ஏணிப்படி போல ஒன்றை முடித்தால் அடுத்தது.

ஒரு பையன் 10 நாள் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். விட்ட படியிலிருந்தே தொடருவான். அவனுக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டாம். அவனும் முழிக்க வேண்டாம்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. இதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டனர்.

இங்கே ஏன் அவசியம்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் வருமானம் நிற்கும். பிழைப்புக்காக வெளியூர் போகும் குடும்பத்தில் பிள்ளை படிப்பும் தடுமாறும்.

2022-ல் இலங்கை நெருக்கடியால் தனுஷ்கோடியில் வந்திறங்கிய குடும்பங்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டன. அங்கே ஒரு பாடம் படித்த பிள்ளைக்கு இங்கே வேறு பாடம்.

இன்னொரு ரகமும் உண்டு. வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்வான். எழுதச் சொன்னால் எழுத்து இடம் மாறும். இது சோம்பேறித்தனம் அல்ல, கற்றல் குறைபாடு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் இதுவும் ஒன்று.

காது மந்தமான பிள்ளைக்கு டீச்சர் முகம் தெரியும் இடம் வேண்டும். பார்வை குறைந்தவனுக்குப் பெரிய எழுத்து வேண்டும். எல்லோருக்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் ஓட்டினால் இவர்கள் கதி என்ன?

சிக்கல் எங்கே?

கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர் போதும். ஆனால் வகுப்போ ஐந்து! ஒருவர் மீட்டிங் போனால் மிச்சம் ஒருவர்.

சிறப்புப் பயிற்றுநர்களும் பல பள்ளிகளுக்கு மாறி மாறிப் போக வேண்டியவர்கள். இதற்கு மேல் ஆன்லைன் மதிப்பீடு, பதிவேற்றம் என்று வேலை சுமத்துவதாக ஆசிரியர் சங்கங்கள் புகார் கூறின. டீச்சர் கண் பிள்ளை மீதா, செல்போன் மீதா?

அட்டை அச்சடிப்பது சுலபம். அதை வைத்துக்கொண்டு பிள்ளை பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.

பெற்றோர் கவனிக்க!

பிள்ளை எழுத்தில் தடுமாறினால் அடிக்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். தலைமை ஆசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போங்கள்.

கற்றல் குறைபாட்டுக்குச் சான்று இருந்தால், அரசு பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்புக்கு வந்தபின் ஓடாமல் முன்னதாகவே வாங்குவது நல்லது.

"புரியலை" என்று சொன்ன ராமேசுவரம் பையன் நாட்டின் ஜனாதிபதி ஆனார். இன்று "புரியலை" என்று சொல்லும் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக, பள்ளியில் போதிய ஆள் உண்டா?