கடலுக்கு முன்னால் நம்ம காடு இருக்குதுங்க

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் விடியக்காலம், பால் கறக்கக் கட்டுத்தரைக்குப் போனேன். தண்ணித் தொட்டி ஓரத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை, வால் மட்டும் மொட்டை. கிட்டப் போனேன், பறக்கவில்லை. கையில் எடுத்தேன், அப்பவும் சும்மா இருந்தது. காயம் எதுவும் இல்லை, களைப்புதான். பூனை கண்ணில் படாமல் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்தேன். பொழுது சாயும்போது கூடையைத் தூக்கினால், தத்தித் தத்திப் போய் வாழைச் சருகுக்குள் புகுந்து, இலையைப் புரட்டிப் புழு பொறுக்க ஆரம்பித்துவிட்டது.

அதற்கு ஆறுமணிக்குருவி என்று பேர். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் வந்த பேர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரிக்கும். புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே கிளம்பும். எடை 50, 60 கிராம்தான். ராத்திரியில் பறக்கும். கொஞ்சம் நம்மூர்ப் பக்கம் தங்கிவிடும். மீதி கடல் தாண்டி இலங்கைக்குப் போகும்.

கடல் தாண்டும் பறவையைப் பார்க்க உலகத்தில் பேர் பெற்ற இடங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் பாஸ்பரஸ் நீரிணை சில இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூட அகலமில்லை. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் ஜிப்ரால்டர், குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர். நாரையும் கழுகும் வெயிலில் சூடாகி மேலே எழும் காற்றில் மிதந்து போகிறவை. கடல்மேல் அந்தக் காற்று சரியாக எழும்பாது. அதனால் குறுகலான இடம் பார்த்துக் கூட்டம் கூட்டமாகக் கடக்கின்றன. மேட்டில் நின்று அதை எண்ணுவதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள்.

நமக்கும் அப்படியொரு குறுகிய கடல் இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை 50 கிலோமீட்டருக்கு மேல். திருத்துறைப்பூண்டிப் பக்கம் விதைநெல் வாங்கப் போன நண்பர்களோடு ஒட்டிக்கொண்டு நானும் கோடியக்கரை பார்த்து வந்தேன். 1967இல் சரணாலயம் ஆன இடம்; 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தளமானது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி, எது எங்கே போகிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

விடியலில் தகைவிலான்கள் தலைக்கு மேலே தெற்கே போய்க்கொண்டே இருந்தன. சேற்றில் கொசு உள்ளான்கள் ஓடி ஓடிப் பொறுக்கின. ஒரு கைப்பிடிகூட வராத அந்தக் குருவி சைபீரியாவின் வடகோடியிலிருந்து வருகிறது. நல்ல காற்று இருந்தால் இந்தக் கடலெல்லாம் அதுகளுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேர வேலை.

அங்கே நின்றபோதுதான் கட்டுத்தரைக் குருவி நினைவுக்கு வந்தது. எங்க காங்கேயத்திலிருந்து கோடியக்கரையானாலும் தனுஷ்கோடியானாலும் நேர்கோட்டில் 250 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் குருவி கடலில் களைக்கவில்லைங்க, நம்ம நிலத்தின் மேலே வரும்போதே களைத்து விழுந்தது. கரையில் நிற்கிறவன் பறவை கடலைத் தாண்டுவதைப் பார்த்து வியக்கிறான். அதற்கு முந்தின கடினமான தூரம் நம்ம காடு தோட்டம்தான். அங்கே இறங்கி, தின்று, கொழுப்பு சேர்த்தால்தான் அடுத்த ராத்திரிப் பயணம்.

இறங்கினால் என்ன கிடைக்கிறது? 2019இல் கனடா ஆராய்ச்சியாளர்கள் வலசை போகும் வெண்கொண்டைச் சிட்டுகளுக்கு இமிடாகுளோப்ரிட் கொடுத்துப் பார்த்தார்கள். நேர்த்தி செய்த விதை ஒருசிலவற்றைத் தின்றால் உள்ளே போகும் அளவுதான். செத்துப்போகவில்லை. ஆனால் தீனி எடுப்பது குறைந்தது, கொழுப்பு கரைந்தது. அதிக அளவு கொடுத்த சிட்டுகள் கிளம்பிப் போகச் சராசரியாக மூன்றரை நாள் தாமதமானது. இதே மருந்தைத்தான் நம்ம பக்கம் பருத்தி விதையில் பூசித் தருகிறார்கள். செத்து விழுந்தால் நாம் பார்ப்போம். மூன்று நாள் தாமதமானால் யாருக்குத் தெரியும்?

அரசாங்கம் ஒண்ணுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். திருப்பூர் நஞ்சராயன் குளம் தமிழ்நாட்டின் 17வது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சார் தளமும் ஆனது. சாயத் தண்ணியில் நொய்யல் நாசமாகி, ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியாகி, ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் ஏறி, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன மாவட்டம் இது. இங்கே ஒரு குளம் மிஞ்சியது பெருமைதான். ஆனால் அது 300 ஏக்கர் சொச்சம். தண்ணிப் பறவைக்கு அது போதலாம். ஆறுமணிக்குருவி குளத்தில் இறங்காது. பூனைப்பருந்து மேய்ச்சல் நிலத்தில் வெட்டுக்கிளி பிடிக்கும், தரையிலேயே படுக்கும். இதுகளுக்கு வேண்டியது கொறங்காடு.

கொழுக்கட்டைப்புல், வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. நம்ம பெரியவங்க காங்கேயம் மாட்டுக்காக அமைத்ததுதான். உழவு இல்லை, மருந்து இல்லை. பறவைக்கு இதைவிட நல்ல சத்திரம் எந்த வனத்துறையாலும் கட்ட முடியாது. இன்று அது சைட்டாகப் போகிறது. மிஞ்சினதிலும் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி இழுக்கிறோம். ஊரைச் சொல்வானேன், நானே செய்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் கிழக்கு வேலியை ஜேசிபி வைத்துத் தள்ளினேன். இரண்டு முழம் நிலம் மிச்சமாச்சு. அந்த வருஷத்திலிருந்து காற்றும் கூடுதல், பூச்சியும் கூடுதல்.

"பறவை பறவைங்கறே, மயில் எங்க விதைக்கடலையைப் பொறுக்குது, சோளக்குருவி கதிரைக் காலி பண்ணுது, அதுக்கு என்ன சொல்றே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மயில் சேதம் உண்மை, அதற்கு இழப்பீடு கேட்டுப் போராடத்தான் வேண்டும். ஆனால் மயிலுக்கு வைக்கிற விஷம் மயிலைப் பார்த்து வேலை செய்யாது. சோளக்குருவி, அதாவது சூறைக்குருவி, கதிரைத் தின்பதும் உண்மை. அதுவே மத்திய ஆசியாவில் வெட்டுக்கிளிக்கு எமன். சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் அதற்காகவே கூடு கட்டிக் கொடுத்து வரவேற்கிறார்கள். கூலியை அங்கே கழித்துவிட்டு நம்மிடம் சாப்பாட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஓரத்தில் நாலு வரிசை சோளம் சேர்த்து விதைத்தால் தலை போய்விடாது.

இயற்கை விவசாயம் செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. மூடாக்கு போடுகிறீர்கள்; புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை தோட்டத்தில் ஒரு மூலையையாவது கிளறாமல், கூட்டாமல் விடுங்கள். அந்தச் சருகுதான் ஆறுமணிக்குருவியின் இலை. கிளுவை இருந்தால் வெட்டாதீர்கள். ராத்திரியில் பறக்கிற பறவையை வெளிச்சம் திசை மாற்றி இழுக்கும், கண்ணாடியில் மோத விடும். அந்த மூன்று மாசம் சாளையில் தேவையில்லாத விளக்கை அணையுங்கள். பனியன் கம்பெனியில் சொந்தபந்தம் இருந்தால் அவர்களிடமும் மொட்டைமாடி விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், கரண்டு பில்லும் குறையும். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது: கொறங்காட்டைத் தரிசு என்று எழுதாமல், மேய்ச்சல் நிலம் என்று மதித்து, அதைக் காப்பவனுக்கு ஊக்கத்தொகை கொடுக்கட்டும்.

நான் இந்த வருஷம் மழைக்கு முன்னால் கிழக்கு வரப்பில் கிளுவைப் போத்து ஊன்றியிருக்கிறேன். கம்பிவேலியைப் பிடுங்கவில்லை, அதை ஒட்டியே. பாதிக்கு மேல் துளிர்த்திருக்கிறது. வேலியாக நாலைந்து வருஷம் ஆகும். ஐப்பசி பிறந்ததும் விடியக்காலம் கட்டுத்தரைக்குப் போகும்போது, காலடியில் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் நடக்கிறேன்.