சாம்புவை யாரும் கோட்டா என்று சொன்னதில்லை

பாக்கெட் நாவல் படிக்கிறவனுக்கு இயக்கத்தில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். கேட்பது மேட்டிமை விமர்சகர்கள் இல்லை, நம் தோழர்கள். சமீபத்தில் தென்காசியில் நடந்த ஒரு வாசிப்புக் கூட்டத்தில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, ரமணிசந்திரன் எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டி, நம் பிள்ளைகளின் மூளையை மழுங்கடித்த குப்பை என்று ஒரு தோழர் பேசினார். மாணவர்கள் குனிந்து குறிப்பெடுத்தார்கள். பதில் சொல்ல எழுந்தேன். நேரமாயிட்டு, உட்காருங்க என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். எழுதுவதற்கு யாரும் நேரம் குறிக்கவில்லை, எழுதுகிறேன்.

குப்பை என்று சொல்லுமுன் அது எந்த வழியாக நம் தெருவுக்கு வந்தது என்று பாருங்கள். நூலகம் ஊர்த் தெருவில் இருந்தது. பெரிய மனுசர்கள் பேப்பர் விரித்து உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் போய்ச் சமமாக உட்கார நம்ம அப்பன் தாத்தனுக்குத் துணிச்சல் வரவில்லை, வந்தாலும் விடவில்லை. பாக்கெட் நாவலோ பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில், வாழைத்தாருக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்கியது. காசு கொடுத்தால் கையில் கொடுத்தான். அவ்வளவுதான். தமிழில் அச்சடித்த எழுத்து நம்மிடம் தெரு பார்க்காமல் வந்தது அந்த வழியாகத்தான்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடித்தட்டு. எட்டாவது வரை படித்த ஒரு அக்கா நடுவில் உட்கார்ந்து ரமணிசந்திரனைச் சத்தமாக வாசிப்பாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள் மடியில் தட்டை வைத்து, இலையில் தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். வாசிக்கிற அக்காவுக்கு அன்றைக்குக் குறைகிற பீடியை மற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கதாநாயகன் காரணமில்லாமல் கோபப்பட்டால் ‘எடுபட்ட பயலுக்கு வந்த திமிரப் பாரேன்’ என்று ஏசுவார்கள். அவள் அழுதால், ‘ஏட்டி, ஏன் அழுத? கன்னத்துல ஒண்ணு போடு’ என்பார்கள். பிரதியை வாசகர் திருப்பி எழுதுகிறார் என்று நாம் மொழிபெயர்ப்பில் படித்துக் கஷ்டப்பட்டுப் புரிந்துகொண்ட விசயம் அந்தத் திண்ணையில் தினமும் நடந்தது. இதை மூளை மழுங்கல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் பள்ளியில் படிக்கும்போது தென்காசியில் ஒரு வாடகை நூல்நிலையம் இருந்தது. நாளைக்கு ஒரு ரூபாய். விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி, கணேஷ்–வசந்த். இவர்கள் யாருக்கும் சாதி கிடையாது. ஊர்த் தெரு, காலனித் தெரு கிடையாது. பரத் வீட்டுக்குள் நுழைந்தால் எந்தத் தம்ளரில் காப்பி கொடுப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த உலகத்தில் ஒரு ரூபாய் வாடகைக்கு ஒரு ராத்திரி குடியிருந்துவிட்டு வருவேன். பின்னால் பேங்கில் வேலை கிடைத்து, சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி அலைந்தபோதுதான் தெரிந்தது, இந்த ஊரில் எனக்குக் கேள்வி கேட்காமல் வாடகைக்குக் கிடைத்தது அது ஒன்றுதான் என்று.

ஆனால் என் சண்டையும் அங்கேயே தொடங்குகிறது. வீடு பார்க்கப் போனால் நடக்கிற விசாரணை இருக்கிறதே, அதற்கு முன்னால் தமிழ்வாணனின் சங்கர்லால் நிற்க முடியாது. ‘தம்பிக்கு எந்த ஊரு?’ சொன்னேன். ‘ஊருக்குள்ளயா, வெளியயா?’ பஸ் ஸ்டாப்புக்குக் கிழக்கே என்றேன். ‘கிழக்கன்னா, கோயிலுக்கு முன்னயா, தாண்டியா?’ ‘சாமி எது கும்புடுவீங்க?’ ‘அப்பா பேரு?’ ‘பரீட்சை எழுதித்தான் பேங்க்ல சேந்தீங்களா?’ ஐந்து நிமிடம். கைரேகை இல்லை, மோப்ப நாய் இல்லை, வழக்கு முடிந்தது. ‘வீட்டம்மாட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன் தம்பி’ என்று தீர்ப்பும் வந்தது. இப்படி ஏழு வீடு. ஏழு பேரும் அபாரமான துப்பறிவாளர்கள்.

தமிழ்நாட்டில் பிறந்த எல்லோரும் இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள்தான். தென் மாவட்டப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வயசுப் பையன் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே ஆள் யார் என்று சொல்லிவிடுவான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் வந்த அறிக்கை கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. ஒரு கயிறு, ஒரு நிறம். இதைவிடத் துல்லியமான தடயம் எந்த மர்ம நாவலில் இருக்கிறது? ஆனாலும் நான் படித்த நூற்றுக்கணக்கான துப்பறியும் நாவல்களில் ஒரு துப்பறிவாளர்கூட ‘செத்தவன் எந்தத் தெரு?’ என்று கேட்கவில்லை. தமிழன் எவனைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வியை, கேள்வி கேட்பதையே பிழைப்பாகக் கொண்டவர் கேட்பதில்லை. என்ன வே துப்பு இது?

எழுத்தாளர்கள் அறியாமல் விட்டதாக நான் நம்பவில்லை. சுஜாதா குமுதத்தில் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்று ஒரு தொடர் ஆரம்பித்தார். துப்பறியும் கதை அல்ல, 1857 காலத்துச் சரித்திரக் கதை. ஒரு சமூகத்தாரிடமிருந்து எதிர்ப்பு வந்து தொடர் நின்றது. பிறகு புதுத் தலைப்போடு வந்தது: ‘ரத்தம் ஒரே நிறம்’. அத்தனை பெரிய எழுத்தாளருக்கே அந்தக் கதி என்றால், மாதம் நாலு நாவல் எழுதிப் பிழைக்கிறவர் சாதி இல்லாத கோயம்புத்தூரையும் சாதி இல்லாத சென்னையையும் கட்டிக்கொண்டு பத்திரமாக இருக்கப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பத்திரத்துக்கு நாம் கொடுத்த விலை என்ன? 2015 ஜூன் 23ஆம் தேதி ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் பட்டதாரி, கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்குப் போகிறான். மறுநாள் பள்ளிப்பாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல். தற்கொலை என்று பேச்சு, கூடவே ஒரு கடிதம். கோயிலில் கண்காணிப்புக் கேமரா. பையனின் தாய் விடவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில், 2023இல், உயர்நீதிமன்ற நீதிபதிகள் இரண்டு பேர் தாங்களே அந்த மலைக்குப் போய் கேமரா இருந்த இடங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். காதல், காணாமல் போதல், பொய்க் கடிதம், தண்டவாளம், கேமரா: மர்ம நாவலுக்கு வேண்டிய சாமான் ஒன்று பாக்கியில்லை. நம் துப்பறியும் நிபுணர்கள் அப்போது யாருடைய வைர நெக்லஸைத் தேடிக்கொண்டிருந்தார்களோ.

பெரும்பாலும் நம் வழக்குகளில் தேடவே வேண்டியதில்லை. 2025 ஜூலை 27ஆம் தேதி பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டபோது குற்றம் சாட்டப்பட்டவர் தானே போய்ச் சரணடைந்தார். யார் என்பதில் மர்மம் இல்லை. எத்தனை பேருக்கு முன்கூட்டியே தெரியும் என்பதில்தான் மர்மம். தேட வேண்டிய வழக்கு வந்தால் என்ன ஆகிறது என்பதற்கு வேங்கைவயல். 2022 டிசம்பர் 26இல் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. சி.பி.சி.ஐ.டி. வந்தது, ரத்தம் எடுத்து டி.என்.ஏ. பார்த்தது. இரண்டு வருசம் கழித்து 2025 ஜனவரியில் அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மேல் குற்றப்பத்திரிகை. இந்த முடிவை எழுதி ஒரு மாத நாவலுக்கு அனுப்பியிருந்தால், நம்பும்படியா இல்லையே சார் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

காதல் நாவலுக்கு வருகிறேன். அங்கே தடை என்பது ஆள்மாறாட்டம், தவறான முகவரிக்குப் போன கடிதம், முறைப்பெண், பணம். அப்புறம் ‘அந்தஸ்து’. இந்த ஒரு சொல்லை மட்டும் யாராவது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். ‘நம் அந்தஸ்துக்கு ஒத்துவராது’ என்று பணக்கார அப்பா சொல்வார். பீடித்தட்டோடு கேட்டுக்கொண்டிருந்த எங்கள் பெண்களுக்கு அது எதைக் குறிக்கிறது என்று ஒருவரும் விளக்கவில்லை, அவர்களாகவே பெயர்த்துக்கொண்டார்கள். கதையில் கடைசி இரண்டு பக்கத்தில் அப்பா மனம் மாறுவார். எங்கள் தெருவில் அந்த இடத்தில் மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அக்கா புத்தகத்தை மூடுவாள், எல்லோரும் கட்டு எண்ணத் தொடங்குவார்கள்.

இனி சிரிப்பு. தேவன் நாற்பதுகளில் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்புவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாம்புவும் என்னைப் போல் பேங்க் குமாஸ்தாதான். அசடு. தடுக்கி விழுவான், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். எல்லோரும் ஆகா சாம்பு என்பார்கள். முதல் தடவை படித்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். வேலையில் சேர்ந்தபிறகு படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. சாம்பு கவுண்டரில் உட்கார்ந்து எத்தனை தப்பு செய்தாலும் அது சாம்புவின் தப்பு. அவன் அசடு, அவ்வளவுதான். என் பக்கத்து மேசைக்காரர் சாயங்காலக் கணக்கில் ஐநூறு ரூபாய் இடித்தால், ‘சாருக்கு இன்னைக்கு வீட்ல சண்டை போல’ என்று சிரிப்பார்கள். நம்ம ஆள் ஒருத்தன் கணக்கில் ஐம்பது ரூபாய் இடித்தால் சிரிப்பு வராது. ஒரு சின்ன மௌனம் வரும், ‘கோட்டா’ என்று சொல்லாமல் சொல்கிற மௌனம். அசடாக இருந்தும் ஜெயிக்கிற உரிமை, தடுக்கி விழுந்தால் வேடிக்கையாக மட்டும் முடிகிற உரிமை, இது இருந்தால்தான் நகைச்சுவை நாவலே எழுத முடியும். சாம்புவுக்கு அந்த உரிமை பிறப்பிலேயே இருந்தது. அதற்குப் பெயரும் கோட்டாதான், யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பக்கத்திலேயே குற்றாலம். ரசனைக்குப் பேர் போன ஊர். ரசிகமணி டி.கே.சி. இங்கே வாழ்ந்தார், ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள்; கவிதை, விருந்து, சாரல், சிரிப்பு. ஓய்வு இருந்தவர்களுக்குச் சிரிப்பே இலக்கியமாக இருந்தது. நம்மிடம் மட்டும் எல்லோரும் கண்ணீர் கேட்கிறார்கள். பெரிய பத்திரிகை தலித் சிறப்பிதழ் போட்டால் ‘உங்க வலியை எழுதுங்க’ என்கிறது. என் கவிதையில் ஒரு நையாண்டி இருந்தால், இது உங்க குரல் மாதிரி இல்லையே என்று திரும்பி வருகிறது. இப்போது நம் தோழர்களும் அதே காயத்தைத்தான் கேட்கிறார்கள், தத்துவம் சேர்த்து.

2022 செப்டம்பரில் நம் மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில் பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தரமாட்டோம் என்று கடைக்காரர் சொன்ன வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம், கொதித்தோம், போஸ்டர் அடித்தோம். மிட்டாய் உடம்புக்கு ஆகாதது, பிள்ளைகள் கீரை தின்னட்டும் என்று நம்மில் யாராவது சொன்னோமா? புத்தகத்தில் மட்டும் ஏன் தோழரே கீரை?

2008இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் இதே பாக்கெட் நாவல்களை இங்கிலீஷில் தொகுத்துப் போட்டதும் மூக்கைப் பிடித்தவர்கள் சிலர் கையைத் தட்டினார்கள். அது போகட்டும். செஸ்டர் ஹைம்ஸ் ஐம்பதுகளிலேயே ஹார்லெமை வைத்து, இரண்டு கறுப்புப் போலீஸ்காரர்களைக் கொண்டு, சிரிக்கச் சிரிக்கத் துப்பறியும் நாவல் எழுதினார். வால்டர் மோஸ்லி 1990இல் எழுதிய முதல் நாவலில் ஈஸி ராலின்ஸ் என்கிற கறுப்பர் வேலை போய், வீட்டுக் கடன் தவணை கட்ட வழியில்லாமல் துப்பறியப் போகிறார். தவணைச் சீட்டோடு என் கவுண்டருக்கு வருகிற ஆள் மாதிரியே இருந்தார். மராத்தியில் அண்ணாபாவ் சாட்டே பள்ளிக்கூடம் சரியாகப் போகாதவர். வெகுசனங்கள் விழுந்து விழுந்து படித்த நாவல்களை எழுதினார், பல சினிமாவானது, 1959இல் வந்த ‘ஃபகிரா’வை அம்பேத்கருக்குச் சமர்ப்பித்தார். நம்மிடம் மட்டும் சரக்கு இல்லையா? பாமாவின் ‘கிசும்புக்காரன்’ 1996லேயே வந்தது. அந்தக் கிண்டல் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. அதை ஒரு கொலையோடும் ஒரு காதலோடும் முடிச்சுப் போட்டு நூறு பக்கம் எழுத ஆள்தான் இல்லை.

நான் ஆரம்பித்திருக்கிறேன். குற்றாலத்தில் அருவிக்குக் கீழே இரண்டே வரிசை, ஆண், பெண். கரையேறித் துண்டு மாற்றியதும் மற்ற வரிசைகள் வந்துவிடும். சாரல் காலத்தில் விடியக்காலம் நாலு மணிக்கு அந்தக் கரையைக் கூட்ட வருகிற ஒரு துப்புரவுப் பெண்தான் என் துப்பறிவாளர். ஷாம்புத் தாள், எண்ணெய்ப் பாட்டில், பிராந்திப் பாட்டில், ஒற்றைச் செருப்பு, எல்லாம் அவள் கூடைக்குத்தான் வருகிறது. எல்லோரையும் அவள் பார்க்கிறாள், அவளை ஒருவரும் பார்ப்பதில்லை. ஒருநாள் ஐந்தருவிப் பக்கம் ஒரு பையனின் உடல். தண்ணியப் போட்டுட்டு வழுக்கி விழுந்துட்டான் என்கிறது போலீஸ். அவள் கூடையில் அறுந்த கயிறு ஒன்று கிடக்கிறது. ‘நீ எந்தத் தெரு?’ என்று இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்க, அதே கேள்வியை அவள் லாட்ஜ் முதலாளி முதல் கோயில் தர்மகர்த்தா வரை ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு போகிறாள். நடுநடுவே தடுக்கியும் விழுகிறாள்.

மூன்று அத்தியாயம் ஆகியிருக்கிறது. கொன்றது யார் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அவள் பரோட்டா மாஸ்டரைக் காதலிப்பதா, எண்ணெய் தேய்த்துவிடுகிற பையனைக் காதலிப்பதா என்பதில்தான் அவளுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.