இரவு ஷிப்டும் ‘சம்மதம்’ என்ற சொல்லும்

ராஜபாளையம் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறார். பெண்களை இரவு ஷிப்டில் வேலை வாங்கலாமா கூடாதா என்பது பற்றி வாதித்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். எழுதியதை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். மொத்தம் பத்துப் பக்கம். அதில் எட்டுப் பக்கம் முதலாளிகள் மீது சாடல். படிக்க நமக்கு இனிக்கத்தான் செய்தது. ஆனால் அது வாதமல்ல, மேடைப் பேச்சு. மேடைப் பேச்சுக்கு நம்மிடம் எப்போதுமே பஞ்சமில்லை!

எதிர்த்தரப்பு அற்பமானதல்ல. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-வது பிரிவு, பெண்களுக்குக் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரைதான் வேலை என்றது. ராஜ்ய சர்க்கார் நேரத்தைத் தளர்த்தலாம். ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை கூடவே கூடாது. 2000 டிசம்பர் 8 அன்று சென்னை ஹைகோர்ட், வசந்தா வழக்கில், இந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக வேலையை மறுப்பது அரசியல் சட்டத்தின் சமத்துவ ஷரத்துக்களுக்கு விரோதம் என்றது. மூன்று ஷிப்டும் ஓடும் மில்லில், இரவுக்கு அழைக்க முடியாத பெண்ணை வேலைக்கே எடுக்காமல் விடுவது முதலாளிக்குச் சுலபம். இதை நாம் மறுக்க முடியுமா?

கட்டுரையில் இந்த வாதத்துக்கு ஒரே ஒரு வரி. அதே தீர்ப்பு விதித்த நிபந்தனைகளோ அறவே இல்லை. பெண்கள் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாக வர வேண்டும். போக்குவரத்து வசதி வேண்டும். பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கு மாற்றினால் இடையில் 12 மணி நேர ஓய்வு வேண்டும். பத்திரிகைத் தலைப்பைப் படித்துவிட்டுத் தீர்ப்பைப் படித்ததாக நினைப்பவர்கள் இவற்றைக் காண மாட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜில்லாக் கோர்ட்டில் ஒரு நாள் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னோம். கெட்டிக்கார வக்கீல் எதிராளியின் பலமான வாதத்தைத் தானே முதலில் எடுத்து வைப்பார். பிறகுதான் பதில் சொல்வார்.

நமது பதில் எங்கே இருக்கிறது? 2020-ம் வருஷத்துத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதன் 43-வது பிரிவு, பெண்ணின் சம்மதத்தின் பேரில் இரவில் வேலை வாங்கலாம் என்கிறது. எல்லாம் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மில் விடுதியில் தங்கி, மில் சோற்றைச் சாப்பிட்டு, மூன்று வருஷம் முடிந்தால்தான் மொத்தப் பணம் கிடைக்கும் என்று காத்திருக்கும் பெண்ணிடம் சூப்பர்வைசர் காகிதத்தை நீட்டுகிறார். அவள் கையெழுத்துப் போடுகிறாள். இது சம்மதமா? மறுத்தால் வேலை போகாது, பகல் ஷிப்ட் கிடைக்கும், ஒரு முறை கொடுத்த சம்மதத்தை மறுமாதம் வாபஸ் வாங்கலாம் என்ற உத்தரவாதம் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு. தடையை மீண்டும் கொண்டுவரச் சொல்லி நாம் வாதாட வேண்டியதில்லை. இந்த உத்தரவாதத்தைக் கேட்டு வாதாட வேண்டும்.

“உங்கள் அம்மா எந்த ஷிப்ட்?” என்று கேட்டோம். சிறிது நேரம் பதில் இல்லை.

“நைட்தான் தோழர். பத்து வருஷமா. அவங்களே கேட்டு வாங்குனது. பகல்ல எங்களைப் பார்த்துக்கணும்ல.”

“அதை ஏன் எழுதவில்லை?”

“நம்ம வாதத்துக்கு எதிராப் போயிருமேன்னுதான்.”

எதிராகப் போகாது. குழந்தையைப் பார்க்க வேறு ஆளோ காப்பகமோ இல்லாததால் தூக்கத்தை விற்ற பெண்ணின் விருப்பத்தை, விருப்பம் என்று மட்டும் எழுதினால் பொய்; கட்டாயம் என்று மட்டும் எழுதினாலும் பொய். இந்தச் சிக்கலை விட்டுவிட்டு எழுதும் கட்டுரையை எதிர்த்தரப்பு இரண்டே கேள்வியில் உடைத்துவிடும்.

காகிதங்களை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் திருத்தி எடுத்து வருகிறாராம். முதல் பக்கத்தில் அம்மாவின் ஒரு நாளை, மணிக் கணக்குப் போட்டு எழுதப்போவதாகச் சொன்னார்.