சமைத்தவர் எப்போது சாப்பிடுவது?

போன வாரம் கேளம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மேல்வயிற்றில் எரிச்சல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் வெளுப்பு. நாடி பார்த்தபடியே, "மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சாப்பிட்ட பிறகுதாங்க அய்யா. மூணு, மூணரை ஆயிடும்."

"என்ன சாப்பிடுவீங்க?"

"மிச்சம் இருக்கிறதைத்தான்..."

திருப்போரூரில் இருபத்தைந்து வருடமாக இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது எனக்கு உறைத்தது டென்மார்க் போய் வந்த பிறகுதான்!

என் மகள் கோபன்ஹேகனில் வேலை பார்க்கிறாள். 2023 கடைசியில் நானும் மனைவியும் இரண்டு மாதம் அவளோடு தங்கியிருந்தோம். டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் மகளின் ஆபீஸ்காரர்கள் ஒருவர் வீட்டில் விருந்துக்குக் கூடினார்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள்.

சமைத்தது வீட்டுக்காரர். ஆமாம், ஆண்தான்! மேஜையில் கறுப்பாக, கனமாக ரை ரொட்டி. நாம் உறைமோர் எடுத்து வைப்பது போல, பழைய புளித்த மாவில் கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த மாவைப் புளிக்க வைக்கிறார்கள். அதன்மேல் வெண்ணெய். கடித்தால் பல் தடம் பதியும் அளவுக்குத் தடவிய வெண்ணெய்க்கு அவர்கள் மொழியில் தனிப் பெயரே இருக்கிறது! (இதய நோயாளிகள் இதைப் பின்பற்ற வேண்டாம். ஆனால் ஒன்று... வனஸ்பதி போன்றவற்றில் உள்ள டிரான்ஸ் கொழுப்புக்கு அவர்கள் 2003-லேயே 2 சதவீத உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். நமக்கு அது 2022-ல்தான் வந்தது.) வெண்ணெயின் மேல் காடியில் ஊறிய ஹெர்ரிங் மீன். நான் கடற்கரைக்காரன், மீன் பழக்கம்தான். என்றாலும் மீனில் இனிப்பு கொஞ்சம் திகைக்க வைத்தது. பன்றி இறைச்சியும் சாராயமும் வேண்டாம் என்றேன், யாரும் வற்புறுத்தவில்லை. கடைசியில் அரிசிப் பாயசம், ஜில்லென்று! அதற்குள் ஒரே ஒரு முழு பாதாம். யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் பரிசு. கிடைத்தவர் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, எல்லாரும் தின்று தீர்க்கும்வரை வாயே திறப்பதில்லை.

எழுந்திருக்கும்போது ஒவ்வொருவரும் சமைத்தவரைப் பார்த்து, "தக் ஃபோ மேத்" என்றார்கள். 'சாப்பாட்டுக்கு நன்றி' என்று அர்த்தமாம். விருந்தில் மட்டுமல்ல, சாதாரண நாளில் வீட்டுப் பிள்ளைகளும் சொல்வது வழக்கம் என்றாள் மகள். அதைவிட நான் கவனித்தது வேறு. சமைத்தவர் முதலிலிருந்தே எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஜட்லாண்ட் பகுதியிலுள்ள ஹெர்னிங் போனோம். 1983 கலவரத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர்கள் அந்தப் பக்கம் நிறைய இருக்கிறார்கள், பிள்ளையார் கோயிலும் உண்டு. எங்களை அழைத்த குடும்பத்தில் அந்த அம்மா சுடச்சுடத் தோசை வார்த்துக் கொண்டுவந்து வைத்தபடியே நின்றார். கடல் தாண்டியும் அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை! ஆனால் அவருடைய பதினான்கு வயது மகன் கை கழுவப் போகும்போது, "தக் ஃபோ மேத், அம்மா" என்றானே... யோசித்துப் பாருங்கள், அதைத் தமிழில் எப்படிச் சொல்லியிருப்பான்? நம் வீடுகளில் அதற்கு ஒரு வார்த்தை புழங்குகிறதா?

இரவு என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "நன்றியெல்லாம் இருக்கட்டும்ங்க, தோசைய யாரு ஊத்தறது?" என்றாள்.

நியாயமான கேள்வி! அங்கே ஆறின உணவை மேஜையில் வைத்துவிட்டால் எல்லாரும் உட்காரலாம். நமக்கோ தோசை கல்லிலிருந்து தட்டுக்கு வர வேண்டும். நம் நாக்குக்காக ஒருத்தி நிற்கிறாள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதிக மாதவிடாய்ப் போக்கு, குடல் புழு என்று காரணங்கள் பல உண்டு. கறியும் கீரையும் மற்றவர் தட்டிலேயே தீர்ந்து, அடிக்குழம்பும் சோறும் மட்டும் மிஞ்சுவதும் ஒரு காரணம் என்பது என் அனுபவம். நேரம் தப்பித் தப்பிச் சாப்பிட்டால் பித்தம் மிஞ்சிக் குன்மம் என்கிற வயிற்றுப்புண்ணுக்கும் இடம் கொடுக்கும்.

தோசையை விட்டுவிடச் சொல்லவில்லை. வாரத்தில் நாலு நாள் இட்லி, உப்புமா, கஞ்சி என்று மொத்தமாகச் செய்து நடுவில் வைக்கலாமே? தோசை நாளில் முதல் நாலைச் சாப்பிட்டவர் எழுந்து அடுத்த நாலை ஊற்றட்டும். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். என் தோசை இன்னும் வட்டமாக வரவில்லை என்பது வேறு விஷயம்!

கேளம்பாக்கத்து அம்மாவுக்கு ஹீமோகுளோபின் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். 12-க்குக் கீழே இருந்தால் என்ன காரணம் என்று தேட வேண்டும். அடுத்த முறை வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.